உங்கள் கையிலுள்ள ஐந்து ரூபாய் நோட்டின் விலை என்ன?



கோடம்பாக்கத்தில் எங்கள் தெருவில் இட்லிக் கடை நடத்தும் அம்மாள் ஒருவர், ஒரு மாலை நேரம் தம் மகனுடன் என் வீட்டுக்கு வந்தார். மகன் பத்தாம் வகுப்பு மாணவன். தன் கணக்கு நோட்டைப் பிரித்து, அதன் நடுவில் பத்திரமாக வைத்திருந்த ஒரு பழைய ஐந்து ரூபாய்த் தாளை எடுத்து மேசைமேல் வைத்தான். பின்புறத்தில் உழவர் டிராக்டர் ஓட்டும் படம். எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள் 786.

"இதுக்கு அஞ்சு லட்சம் தர்றதா போன்ல வீடியோ பார்த்தோம் சார். அந்த நம்பருக்குப் பேசினோம்" என்றான் பையன்.

மிச்சத்தை அம்மாள் சொன்னார். முதலில் பதிவுக் கட்டணம் என்று சில நூறு ரூபாய் கேட்டார்களாம். பிறகு வரி என்றார்கள். பிறகு ரிசர்வ் வங்கியின் சான்றிதழ் என்றார்கள். பள்ளிக் கட்டணத்துக்காகச் சேர்த்து வைத்த 18,000 ரூபாய் போய்விட்டது. இப்போது அந்தத் தொலைபேசி எண்ணில் யாரும் பேசுவதில்லை.

பையன் தலையைக் குனிந்துகொண்டே கேட்டான்: "பணம் போனது போகட்டும் சார். இந்த நோட்டு நிஜமாவே அபூர்வமா இல்லையா? அதையாவது சொல்லுங்க."

நல்ல கேள்வி. ஒரு நோட்டு அரியதா, அன்றா என்பதை நம்பிக்கையாலோ வதந்தியாலோ முடிவு செய்ய வேண்டியதில்லை. எண்ணிப் பார்த்தும், உற்றுப் பார்த்தும் நாமே முடிவு செய்யலாம். அன்று அவனுக்குச் சொன்னதையே இங்கே விரிவாகச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் இருக்கும் நோட்டுகள் நான்கைந்தை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

நான்கு கேள்விகள்

எந்த நோட்டைப் பார்த்தாலும் நான்கு கேள்விகளைக் கேட்க வேண்டும். ஒன்று, இது போன்றவை எத்தனை அச்சிடப்பட்டன? இரண்டு, அவற்றில் எத்தனை இன்று எஞ்சியுள்ளன? மூன்று, என் கையில் இருப்பது எந்த நிலையில் இருக்கிறது? நான்கு, இதை விரும்புவோர் எத்தனை பேர்?

இந்த நான்கில் ஒன்றை மட்டும் பார்த்து விலை சொல்பவர் அறியாதவராக இருப்பார். அல்லது ஏமாற்றுபவராக இருப்பார்.

நோட்டைப் படிப்பது எப்படி?

முதலில் நோட்டு தன்னைப் பற்றித் தானே என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

ரிசர்வ் வங்கி 1935 ஏப்ரல் 1-இல் தொடங்கப்பட்டது. அது தன் முதல் நோட்டுகளை 1938-இல் வெளியிட்டது. இரண்டு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளில் ரிசர்வ் வங்கியின் ஆளுநர் கையொப்பம் இருக்கும். ஒரு ரூபாய் நோட்டு மட்டும் இந்திய அரசு வெளியிடுவது. அதில் நிதித்துறைச் செயலர் கையொப்பமிடுவார். மற்ற நோட்டுகளில் காணும் 'தருவதாக உறுதியளிக்கிறேன்' என்ற வாசகம் ஒரு ரூபாயில் இராது. இந்த வேறுபாட்டைப் பிழை என்று எண்ணிக்கொண்டு 'அபூர்வ நோட்டு கிடைத்தது' என்று மகிழ்ந்தவர்கள் உண்டு!

நாகர்கோவிலில் பிறந்த எஸ். வெங்கிட்டரமணன் நிதித்துறைச் செயலராக இருந்தபோது ஒரு ரூபாய் நோட்டில் கையொப்பமிட்டார். பிறகு 1990 முதல் 1992 வரை ஆளுநராக இருந்து மற்ற நோட்டுகளிலும் கையொப்பமிட்டார். பின்னாளில் பிரதமரான மன்மோகன் சிங்கும் அப்படியே இரு பதவிகளிலும் கையொப்பமிட்டவர். கையொப்பத்தைக் கொண்டு நோட்டின் காலத்தை ஏறத்தாழக் கணிக்கலாம். 2005-ஆம் ஆண்டு வரிசை முதல் அந்தக் கவலையும் இல்லை. நோட்டின் பின்புறத்தில் அடியில் அச்சான ஆண்டே சிறிய எழுத்தில் இருக்கும்.

அடுத்து எண். எண்ணும் எழுத்தும் கலந்த மூன்று குறிகள் முன்னால் நிற்கும். அதை முன்குறி என்போம். அதன் பின் ஆறு இலக்க எண். சில நோட்டுகளில் எண்ணின் பின்னணியில் மெல்லிய ஆங்கில எழுத்து ஒன்றும் தெரியும். ஆறு இலக்கங்கள் என்பதால் ஒவ்வொரு முன்குறிக்கும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நோட்டுகள். இந்தப் பத்து இலட்சம் என்ற எண்ணை நினைவில் வையுங்கள். நம் கணக்குகள் எல்லாவற்றுக்கும் இதுவே அடிப்படை.

எண்ணின் அழகும் கணக்கும்

சேகரிப்பாளர்கள் 'ஃபேன்சி நம்பர்' என்று சில எண்களை விரும்பித் தேடுவார்கள். அவை உண்மையில் எவ்வளவு அரியவை? பள்ளியில் படிக்கும் நிகழ்தகவுப் பாடமே இதற்குப் போதும்.

ஆறு இலக்கங்களும் ஒன்றாக இருப்பவை: 111111, 222222 என்று 999999 வரை ஒன்பது. எனவே பத்து இலட்சத்தில் 9.

ஏணி போல் ஏறுபவை: 012345, 123456, 234567, 345678, 456789 என ஐந்து. இறங்குபவையும் ஐந்து. மொத்தம் பத்து இலட்சத்தில் 10.

முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாகவே வருபவை: 482284 போன்ற எண்கள். 'விகடகவி' என்ற சொல்லைப் போன்றவை. முதல் மூன்று இலக்கங்களைத் தீர்மானித்துவிட்டால் மற்ற மூன்றும் தாமே அமைந்துவிடும். ஆகவே 000 முதல் 999 வரை 1,000 எண்கள். 000000 என்ற எண்ணைத் தள்ளினால் 999.

இனி நம் 786-க்கு வருவோம். இசுலாமியர் பலர் மங்கலமாகக் கருதும் எண் இது. கடைசி மூன்று இலக்கம் 786 ஆக இருக்க, முதல் மூன்று இலக்கம் 000 முதல் 999 வரை எதுவாகவும் இருக்கலாம். எனவே 1,000 நோட்டுகள். எண்ணின் எந்த இடத்தில் 786 வந்தாலும் சரி என்றால்? 786 தொடங்கக்கூடிய இடங்கள் நான்கு. நான்கு ஆயிரங்கள், 4,000. ஆனால் 786786 என்ற எண்ணை இருமுறை எண்ணிவிட்டோம்; அதற்காக ஒன்றைக் கழித்தால் 3,999. அதாவது ஏறத்தாழ 250 நோட்டுக்கு ஒன்று.

பிறந்த நாள் நோட்டு என்று ஒன்றும் விற்கிறார்கள். 150809 என்பதை 15-8-2009 என்று படிப்பது. ஒரு நூற்றாண்டில் 36,525 நாட்கள். எனவே பத்து இலட்சத்தில் 36,525 எண்கள் ஏதாவது ஒரு தேதியாக அமையும். 27 நோட்டுக்கு ஒன்று! எவருடைய பிறந்த நாளாவது அது. ஆனால் *உங்கள்* பிறந்த நாள் வேண்டுமென்றால் பத்து இலட்சத்தில் ஒன்றுதான். ஒரே நோட்டு ஊருக்குச் சாதாரணமாகவும் ஒருவருக்கு அரியதாகவும் இருக்கக்கூடும் என்பதை இது காட்டுகிறது.

இனி, நாள்தோறும் பத்து நோட்டுகள் உங்கள் கைக்கு வந்து போவதாக வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3,650 நோட்டுகள். சராசரியாக எத்தனை நாளுக்கு ஒருமுறை இவை கிடைக்கும்?

ஏதாவது ஒரு தேதி: மூன்று நாளுக்கு ஒன்று.
எங்கேனும் 786: 25 நாளுக்கு ஒன்று.
786-இல் முடிவது: 100 நாளுக்கு ஒன்று.
இருபுறமும் ஒத்த எண்: 100 நாளுக்கு ஒன்று.
ஏணி எண்: 27 ஆண்டுக்கு ஒன்று.
ஆறும் ஒன்றான எண்: 30 ஆண்டுக்கு ஒன்று.
குறிப்பிட்ட ஒரே ஓர் எண்: 274 ஆண்டுக்கு ஒன்று.

பார்த்தீர்களா? இட்லிக் கடைக் கல்லாவில் நாளைக்கு இருநூறு நோட்டுகள் புரண்டால், 786-இல் முடியும் நோட்டு ஐந்து நாளுக்கு ஒருமுறை வந்து போயிருக்கும். அந்த அம்மாள் அதைக் கவனிக்காமல் மிச்சச் சில்லறையாகக் கொடுத்தும் இருப்பார்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தோம். ரிசர்வ் வங்கியின் ஆண்டறிக்கைக் கணக்கின்படி 2 ரூபாய், 5 ரூபாய் நோட்டுகள் இரண்டும் சேர்ந்து ஆயிரம் கோடிக்கு மேல் புழக்கத்தில் உள்ளன. கிழிந்தும் தொலைந்தும் போனவையும் அதில் அடங்கும். வங்கிக்குத் திரும்பி வராத வரை அவை கணக்கிலிருந்து நீங்குவதில்லை. பாதி அழிந்தன என்றே கொள்வோம். மிச்சம் ஐந்நூறு கோடி. அதில் ஆயிரத்தில் ஒன்று 786-இல் முடியும். ஐம்பது இலட்சம் நோட்டுகள்! ஒவ்வொன்றுக்கும் ஐந்து இலட்சம் ரூபாய் கொடுப்பதானால் மொத்தம் எவ்வளவு என்று பையனைப் பெருக்கச் சொன்னேன். இரண்டரை இலட்சம் கோடி ரூபாய் என்று விடை வந்தது. அவன் பென்சிலைக் கீழே வைத்துவிட்டான்.

பழையதெல்லாம் அரியதா?

'தாத்தா காலத்து நோட்டு' என்றால் விலை மிகுதி என்று பலர் எண்ணுகிறார்கள். இதுவும் சரியன்று.

மலாயாவிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றின் பெட்டிகளில் வாழைமரப் படம் போட்ட பத்து டாலர் நோட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. 1942 முதல் 1945 வரை மலாயாவை ஆண்ட ஜப்பானியப் படை அச்சிட்டவை அவை. 'வாழைமர நோட்டு' என்றே பெயர். எண்பது ஆண்டுப் பழையவை; ஆனால் ஜப்பானியர் அவற்றை அளவின்றி அச்சடித்தார்கள். போர் முடிந்ததும் ஒன்றுக்கும் உதவாத காகிதமாயின. செல்லாமற்போனதால் யாரும் செலவழிக்கவில்லை. செலவழிக்காததால் நைந்து அழியவும் இல்லை. இன்று அவை ஏராளம், விலையும் குறைவு.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்ப்போம். 1959-இல் ரிசர்வ் வங்கி ஹஜ் பயணிகளுக்கென்றே பத்து ரூபாயிலும் நூறு ரூபாயிலும் தனி நோட்டுகளை வெளியிட்டது. அவற்றின் எண்ணுக்கு முன் எச்.ஏ. என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கும். அதே ஆண்டில் வளைகுடா நாடுகளில் மட்டும் செல்லும் நோட்டுகளும் வெளியாயின. அவற்றில் இசட் என்ற எழுத்து இருக்கும். குவைத், பஹ்ரைன் போன்ற இடங்கள் 1960-களில் தங்கள் சொந்த நாணயத்துக்கு மாறிய பின் அந்த நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டன. குறைவாக அச்சாகி, குறுகிய காலமே ஓடி, பெரும்பாலும் திரும்பி வந்து அழிக்கப்பட்டவை என்பதால் இவை மெய்யாகவே அரியவை. ஆனால் மளிகைக் கடைச் சில்லறையில் இவை வரமாட்டா. எங்கேனும் பழைய டிரங்குப் பெட்டியில், கப்பலேறிச் சென்று வந்த ஒருவரின் பாஸ்போர்ட்டுக்குள் இருந்தால் உண்டு.

ஆகவே வயது வேறு, அருமை வேறு. எத்தனை பிறந்தன, எத்தனை பிழைத்தன என்பதே கேள்வி.

பிழைத்தவற்றைக் கணக்கிடும்போதும் விகிதத்தை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. 2023 மே 19-இல் 2,000 ரூபாய் நோட்டைப் புழக்கத்திலிருந்து விலக்குவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. அன்று மக்களிடம் இருந்தவற்றின் மதிப்பு 3.56 இலட்சம் கோடி ரூபாய். அதில் 98 சதவீதத்துக்கு மேல் வங்கிக்குத் திரும்பிவிட்டது. 'இரண்டு சதவீதம்கூட மிச்சமில்லை, அரிய நோட்டு' என்று சிலர் சொல்வார்கள். மிச்சம் இருப்பவை ஏறத்தாழ 6,000 கோடி ரூபாய்க்கு உரியவை என்று கொண்டு 2,000-ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்று கோடி நோட்டுகள்! விகிதம் சிறியது, எண்ணிக்கை பெரியது.

நட்சத்திர நோட்டு

முன்குறிக்கும் ஆறு இலக்க எண்ணுக்கும் நடுவில் * என்ற நட்சத்திரம் இருக்கும் நோட்டைப் பார்த்திருப்பீர்கள். அது கள்ள நோட்டு என்று 2023-இல் ஒரு வதந்தி பரவி, ரிசர்வ் வங்கியே மறுத்து அறிக்கை வெளியிட வேண்டியதாயிற்று.

அச்சகத்தில் நூறு நோட்டுகளை ஒரு கட்டாகக் கட்டுவார்கள். வரிசையாக எண்கள் இருக்க வேண்டும். இடையில் ஒரு தாள் பழுதாக அச்சாகிவிட்டால் முன்பெல்லாம் அதே எண்ணில் மற்றொரு தாளை அச்சிட்டு அந்த இடத்தில் வைத்தார்கள். அது கூடுதல் வேலை. 2006 முதல் 10, 20, 50 ரூபாய் நோட்டுகளில் ஒரு மாற்று முறை வந்தது. பழுதான தாளுக்குப் பதிலாக, முன்பே அச்சிட்டு வைத்த நட்சத்திர நோட்டு ஒன்றைச் செருகிவிடுவார்கள். கட்டில் நூறு தாள்கள் சரியாக இருக்கும். வரிசை மட்டும் ஓரிடத்தில் மாறும். பிறகு மற்ற மதிப்புகளுக்கும் இம்முறை பரவியது. அமெரிக்க டாலரிலும் இத்தகைய நட்சத்திர நோட்டு உண்டு.

நட்சத்திர நோட்டு மற்றவற்றைவிடக் குறைவு என்பது உண்மை. மடிப்பில்லாத புதிய நிலையில் கிடைத்தால் எடுத்து வைக்கத் தக்கது. ஆனால் கோடிக்கணக்கில் அச்சாகும் நோட்டில் 'குறைவு' என்பதும் இலட்சக்கணக்கில் இருக்கும் என்பதை மறவாதீர்கள்.

நோட்டின் உடல்நிலை

மூன்றாம் கேள்வி, நிலை. ஒரே எண் வகை, ஒரே ஆண்டு, ஒரே கையொப்பம் உள்ள இரண்டு நோட்டுகளில் ஒன்று பல மடங்கு விலை பெறலாம். மற்றொன்று முகமதிப்புக்கு மேல் ஒரு காசும் பெறாது.

இந்தியப் பணத்தாள் மரக்கூழால் ஆனதன்று. பருத்தி இழையால் ஆனது. அதனால்தான் வியர்வை, மடிப்பு எல்லாவற்றையும் தாங்குகிறது. ஆனாலும் ஒருமுறை மடித்தால் மடித்த கோட்டில் இழைகள் முறிகின்றன. எத்தனை நாள் புத்தகத்துக்கு அடியில் வைத்தாலும் முறிந்த இழை ஒட்டாது.

விளக்கின் முன் நோட்டைச் சாய்த்துப் பிடியுங்கள். ஒளி பக்கவாட்டில் விழும்போது மடிப்புக் கோடு நிழலாகத் தெரியும். மடிப்பே இல்லை, மூலைகள் கூராக உள்ளன, தாள் மொடமொடப்பாக இருக்கிறது என்றால் அது 'புழங்காத' நோட்டு. நடுவில் ஓரிரு மடிப்பு மட்டும் இருந்தால் அடுத்த நிலை. பல மடிப்புகள் இருந்தும் தாள் உறுதியாக இருந்தால் அதற்கும் அடுத்த நிலை. மொடமொடப்பு போய்த் துணிபோல் தொய்ந்து, மூலைகள் உருண்டு, அழுக்கேறிவிட்டால் கடை நிலை. இந்தக் கடை நிலையில் உள்ளதை, மெய்யான அரிய வகையாக இருந்தாலன்றி, சேகரிப்பாளர் தொடமாட்டார்.

வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தும் பாருங்கள். பழைய நோட்டுகளில் இடப்புறம் சிறு துளைகள் தெரியும். முன்பு வங்கிகள் கட்டுகளுக்குக் கம்பி ஊசி அடித்து வந்ததன் அடையாளம் அது. 1999-இல் ரிசர்வ் வங்கி தூய நோட்டுக் கொள்கையை அறிவித்தது; அதைத் தொடர்ந்து ஊசி அடிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. எனவே ஊசித் துளையில்லாத பழைய நோட்டு தனிச் சிறப்புடையது.

சிலர் அழுக்கு நோட்டைச் சலவைத் தூளில் அலசி, இஸ்திரி போட்டுப் 'புதிய' நோட்டு என்று விற்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சலவைத் தூளில் துணியை வெளுப்பாகக் காட்டும் ஒளிர்பொருள் கலந்திருக்கிறது. புறஊதா விளக்கில் அது நீலமாக ஒளிரும். பணத்தாளின் பருத்திக் காகிதம் அப்படி ஒளிராது. நோட்டு முழுவதும் நீல ஒளி வீசினால் அது குளித்துவிட்டு வந்த நோட்டு!

பிழை நோட்டும் பொய்ப் பிழையும்

அச்சுப் பிழை உள்ள நோட்டுகளுக்கு நல்ல மதிப்பு உண்டு. ஏனென்றால் அச்சகத்தின் சோதனைகளைத் தப்பி வருபவை மிகச் சில. நாசிக், தேவாஸ், மைசூரு, சால்போனி ஆகிய நான்கு இடங்களில் நம் நோட்டுகள் அச்சாகின்றன. வேலை பல கட்டங்களில் நடக்கிறது. நீர்க்குறியும் பாதுகாப்பு இழையும் காகிதம் செய்யும்போதே அதற்குள் அமைந்துவிடும். பின்னணி வண்ணங்கள் ஆஃப்செட் முறையில் ஏறும். 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளில் காந்தி படம் போன்ற பகுதிகள் குழிவு அச்சில், விரலுக்குத் தட்டுப்படும்படி புடைத்து அமையும். பிறகு எண்கள். கடைசியில் பெரிய தாள் தனித்தனி நோட்டாக வெட்டப்படும்.

ஒவ்வொரு கட்டத்துக்கும் உரிய பிழை உண்டு. தாளின் மூலை மடிந்த நிலையில் வெட்டுப்பட்டால், விரித்ததும் ஒரு காது போல் அதிகக் காகிதம் நீட்டிக்கொண்டிருக்கும். எண் பொறியில் ஒரு சக்கரம் நழுவினால் இரு இடங்களிலும் எண் ஒத்துவராது. ஒரு கட்டமே தவறினால் அந்த வண்ணமோ எண்ணோ இராது. 'இந்தப் பிழை எந்தக் கட்டத்தில் நேர்ந்திருக்கும்?' என்று கேளுங்கள். எந்தக் கட்டத்திலும் நேர வழியில்லாத பிழை, கடைக்காரர் செய்த பிழை!

எண்ணை அழிப்பான் கொண்டு சுரண்டினால் கைலென்சில் இழைகள் பஞ்சுபோல் கிளம்பியிருப்பது தெரியும். வேதிப்பொருளால் வண்ணத்தைப் போக்கினால் தாளும் கறைபடும். மகாத்மா காந்தி வரிசை நோட்டுகளின் எண்கள் ஒளிரும் மையில் அச்சானவை. மாற்றி எழுதிய இலக்கம் புறஊதா விளக்கில் மற்றவற்றோடு சேர்ந்து ஒளிராது.

நம் கோடம்பாக்கத்துக்கே உரிய ஒரு குழப்பமும் உண்டு. படப்பிடிப்பில் வில்லன் திறக்கும் பெட்டியில் அடுக்கியிருப்பவை உண்மை நோட்டுகள் அல்ல. அத்தகைய தாள்களில் ஒன்று தப்பித் தவறிக் கடைத்தெருவுக்கு வந்தால், 'வேறுபட்ட அச்சு, அரிய பிழை' என்று சிலர் எண்ணிவிடுவார்கள். சாதாரண வெள்ளைக் காகிதம் என்பதால் அது புறஊதா விளக்கில் பளிச்சென்று ஒளிரும், நீர்க்குறியும் இராது. பணத்தாளைப் போன்ற தாளைத் தயாரிப்பதே சட்டப்படி குற்றம். அதைச் சேகரிக்கவும் வேண்டாம், பிறருக்குத் தள்ளிவிடவும் வேண்டாம்.

விலையை யார் தீர்மானிப்பது?

நான்காம் கேள்வி, விரும்புவோர். உலகில் ஒன்றே ஒன்று உள்ள பொருளானாலும் வாங்குவோர் இல்லையென்றால் அதற்கு விலை இல்லை. விரும்புவோர் பலர் இருந்தால், ஏராளமாக உள்ள பொருளுக்கும் விலை ஏறும். 2009-இல் ஜிம்பாப்வே நூறு டிரில்லியன் டாலர் நோட்டு வெளியிட்டது. ஒன்றுக்குப் பின் பதினான்கு பூச்சியம்! அந்த நாட்டில் அது மதிப்பிழந்தது. ஆனால் வேடிக்கைக்காக உலகெங்கும் மக்கள் அதைத் தேடியதால் சந்தையில் நல்ல விலைக்கு விற்கிறது.

விலையை அறியும்போது மூன்று விலைகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விற்பவர் கேட்கும் விலை. அட்டவணை நூலில் அச்சான விலை. உண்மையில் ஒருவர் பணம் கொடுத்து வாங்கிய விலை. முதலாவதற்கு எல்லையே இல்லை. ஒருவர் கோடி ரூபாய் என்று எழுதி வைக்கலாம். இரண்டாவது ஒரு வழிகாட்டி. மூன்றாவது ஒன்றே சான்று. ஏலத்தில் முடிந்த விலைகளே நம்பத்தக்கவை. அதிலும், வணிகர் உங்களிடம் வாங்கும்போது தம் இலாபத்தைக் கழித்துக்கொண்டுதான் கொடுப்பார்.

இன்னொன்றை உறுதியாக மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி பழைய நோட்டுகளை அதிக விலைக்கு வாங்குவதில்லை. அவற்றை வாங்கவோ விற்கவோ யாருக்கும் உரிமம் தருவதில்லை. அதற்குக் கட்டணமும் கேட்பதில்லை. 2021 ஆகஸ்டில் அதுவே இதை அறிக்கையாக வெளியிட்டு எச்சரித்தது. பொருளை வாங்குபவர் பணம் *கொடுக்க* வேண்டும். உங்களிடம் பணம் *கேட்டால்* அவர் வாங்க வந்தவர் அல்லர். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள். எவ்வளவு விரைவோ அவ்வளவு நல்லது.

சட்டம் ஒன்றையும் அறிந்திருங்கள். 2016 நவம்பர் 8-இல் செல்லாதவையாக அறிவிக்கப்பட்ட பழைய 500, 1,000 ரூபாய் நோட்டுகளை ஒருவர் மொத்தம் பத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆராய்ச்சிக்கும் சேகரிப்புக்கும் என்றால் இருபத்தைந்து வரை வைத்திருக்கலாம். 2017-ஆம் ஆண்டுச் சட்டம் இப்படிக் கூறுகிறது.

செய்து பாருங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டங்கள் வரையுங்கள்: மதிப்பு, ஆண்டு, கையொப்பம், ஆறு இலக்க எண், நட்சத்திரம் உண்டா, நிலை. வீட்டிலும் தெரிந்த கடையிலும் அனுமதி பெற்று 300 நோட்டுகளைப் பதிவு செய்யுங்கள். நோட்டில் எதுவும் எழுதக் கூடாது. பிறகு விடை காணுங்கள்:

1. எத்தனை எண்கள் தேதியாக அமைந்தன? கணக்குப்படி 11 அளவில் இருக்க வேண்டும்.

2. ஆறு இலக்கங்களும் வெவ்வேறாக உள்ளவை எத்தனை? (10 × 9 × 8 × 7 × 6 × 5 = 1,51,200. ஆகவே நூற்றுக்குப் பதினைந்து. 300-இல் 45 அளவில்.)

3. பத்து ரூபாய் நோட்டின் நிலையும் 500 ரூபாய் நோட்டின் நிலையும் ஒன்றாக உள்ளனவா? இல்லையென்றால் ஏன்?

4. பின்புறத்தில் பதினைந்து மொழிகளில் மதிப்பு எழுதியிருக்கும் பட்டியலில் தமிழ் எத்தனையாவது?

எடுத்து வைக்கத் தக்க நோட்டு கிடைத்தால் மடிக்காதீர்கள், ஒட்டு நாடா ஒட்டாதீர்கள், லேமினேஷன் செய்யாதீர்கள், கழுவாதீர்கள். தடித்த காகித உறையில் தட்டையாக, சென்னையின் ஈரக் காற்றும் வெள்ளிப்பூச்சியும் படாத இடத்தில் வையுங்கள். எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் நாணயவியல் பிரிவையும் ஒருமுறை பார்த்து வாருங்கள்.

அன்று மாலை பையனும் நானும் அவனுடைய ஐந்து ரூபாயைச் சோதித்தோம். எண்: 786-இல் முடிவது, ஆயிரத்தில் ஒன்று. நிலை: நான்கு மடிப்பு, இரண்டு மூலைகள் உருண்டவை, ஓரத்தில் எண்ணெய்க் கறை. விரும்புவோர்: உண்டு, ஆனால் அவர்களுக்குப் புதிய தாளே எளிதில் கிடைக்கும். முடிவை அவனையே எழுதச் சொன்னேன். 'மதிப்பு: 5 ரூபாய்' என்று எழுதினான்.

புகாரைப் பதிவு செய்த பின், அம்மாள் அந்த நோட்டைக் கல்லாவில் போட்டுவிடச் சொன்னார். பையன் மறுத்துவிட்டான். இப்போது அது அவனுடைய பதிவுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் உறையில் இருக்கிறது. கடைக்கு வரும் நோட்டுகளை இரவில் எண்ணும்போது ஒவ்வொன்றாகப் பதிந்து வருகிறான். இதுவரை இரண்டாயிரத்துக்கு மேல் ஆயிற்று. 786-இல் முடிபவை இன்னும் இரண்டு வந்துவிட்டனவாம். "கணக்கு சரியா வருது சார்" என்றான்.